பூட்டின காருக்குள்ளே கரண்ட் திருடன்!



நம்ம மாவட்டத்துக்குப் பேர் வாங்கித் தந்தது திண்டுக்கல் பூட்டு. 2019-ல் புவிசார் குறியீடு கூடக் கிடைச்சாச்சு. ஆனால் அந்தப் பூட்டிலேயே பெரிய பூட்டாகப் பார்த்து வாங்கி, காரை ஷெட்டுக்குள் விட்டுப் பூட்டினாலும், உள்ளே இருந்து ஒரு பொருள் களவு போய்க்கொண்டே இருக்கலாம். கதவு உடையாது, கண்ணாடி உடையாது, சத்தமே கேட்காது. காலையில் சாவியைத் திருப்பும்போதுதான் தெரியும். "டிக்... டிக்..." அவ்வளவுதான். செல்ஃப் எடுக்காது. களவு போனது பேட்டரியில் இருந்த சார்ஜ்!

"பேட்டரி டவுன்" என்று நம்ம ஊரில் எல்லோரும் சொல்கிற இந்தப் பிரச்சினைக்கு வழக்கமாகச் செய்கிற வைத்தியம் மூன்று. நாலு பேர் சேர்ந்து தள்ளுவார்கள். பேட்டரியைக் கழற்றிப் போய் ஒருநாள் சார்ஜ் போட்டு வருவார்கள். அதுக்கும் சரியாகலைன்னா புது பேட்டரி வாங்கிப் போடுவார்கள். சின்னக் கார் பேட்டரிக்கே ஆயிரக்கணக்கில் செலவாகும். இந்த மூன்றிலும் திருடனைத் தேடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். களவு போன பணத்துக்குப் பதிலாக அதே பெட்டியில் மறுபடி பணம் போட்டு வைக்கிற மாதிரிதான்! பத்தாம் வகுப்பில் நாம் படிக்கிற மின்னோட்டவியல் பாடமும் ஒரு மல்டிமீட்டரும் இருந்தால் திருடனைப் பிடித்துவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் நம்ம வீட்டு மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரலை. காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். தொட்டியே விரிசல் விட்டிருக்கலாம். மோட்டார் சரியாகத் தண்ணி ஏத்தாமல் இருந்திருக்கலாம். இல்லைன்னா எங்கேயோ ஒரு குழாய் ராத்திரி பூராவும் ஒழுகியிருக்கலாம். காரிலும் இதே மூன்றுதான். தொட்டி என்பது பேட்டரி. மோட்டார் என்பது இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் (நம்ம மெக்கானிக்குகள் இன்னமும் அதை டைனமோ என்றுதான் சொல்கிறார்கள்). ஒழுகுகிற குழாய் என்பது, வண்டி நின்ற பிறகும் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கிற ஏதோ ஒரு விளக்கோ, டேப்போ, ரிலேயோ. இந்த மூன்றையும் முதலில் பிரித்துவிட வேண்டும். பிரிக்காமல் செலவு பண்ணினால் பணம்தான் வீண்.

பேட்டரியைப் பற்றிக் கொஞ்சம். பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி காஸ்டன் பிளாண்டே 1859-ல் கண்டுபிடித்த ஈய-அமில மின்கலம்தான் இன்றைக்கும் கார்களை ஸ்டார்ட் பண்ணுகிறது. அதற்கு முன்னால் இருந்த மின்கலங்கள் தீர்ந்தால் தீர்ந்ததுதான். இதைத் திரும்பச் சார்ஜ் செய்யலாம். ஆரம்பகாலக் கார்களை முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் ஸ்டார்ட் பண்ணினார்கள். அது எதிர்த்து அடித்தால் கை முறியும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய செல்ஃப் மோட்டார், 1912-ஆம் வருட கேடிலாக் காரில் வந்த பிறகு, பேட்டரி என்பது காருக்கு உயிர்நாடி ஆகிவிட்டது. நம்ம தமிழ்நாட்டிலும் இதற்கென்றே பெரிய ஆராய்ச்சி நிலையம் உண்டு. காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1948-ல் அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்தார்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வந்த நிலையம் அது.

பேட்டரிப் பெட்டிக்குள் ஆறு அறை. ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். ஆறையும் தொடரிணைப்பில் சேர்த்தால் 12.6 வோல்ட். "12 வோல்ட் பேட்டரி" என்று சொல்வது சும்மா பேச்சுக்கு. ராத்திரி முழுக்க வண்டி நின்ற பிறகு காலையில் அளந்தால், முழு சார்ஜ் உள்ள பேட்டரி 12.6 காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு. 12.2 என்றால் பாதி. 12.0 காட்டினால் "பன்னிரண்டு இருக்கே, நல்லாத்தான இருக்கு" என்று நினைத்துவிடாதீர்கள். அதில் கால் பங்குதான் மிச்சம்! இந்த ஒரு விஷயம் தெரியாமலேயே நிறைய பேர் ஏமாறுகிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது? ஒரு தகடு ஈயம், இன்னொன்று ஈய டை ஆக்சைடு, நடுவில் நீர்த்த கந்தக அமிலம். கரண்ட் வெளியே போகப் போக இரண்டு தகட்டிலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் தண்ணீராகிக்கொண்டே வருகிறது. அதனால்தான் மூடி திறக்கிற பேட்டரியில் ஹைட்ரோமீட்டர் விட்டு அமிலத்தின் அடர்த்தியைப் பார்க்கிறார்கள். நல்ல சார்ஜில் ஏறக்குறைய 1.25-லிருந்து 1.28 வரை இருக்கும். கடைக்காரர்கள் புள்ளியை விட்டுவிட்டு "ஆயிரத்து எரநூத்தம்பது இருக்கு" என்பார்கள். ஆறு அறையில் ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் ரொம்பக் கீழே கிடந்தால், அந்த அறை போச்சு. தொட்டியில் விரிசல் என்று அர்த்தம்.

இன்னொரு முக்கியமான சங்கதி. சல்பேட் படிந்த உடனே சார்ஜ் போட்டால் அது கரைந்து பழையபடி ஆகிவிடும். சார்ஜ் இல்லாமலேயே வாரக்கணக்கில் விட்டுவிட்டால் படிகமாக இறுகிப் போய்விடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுசாகக் கரையாது. அதாவது ஒழுகுகிற குழாய் தொட்டியையும் சேர்த்துக் கெடுத்துவிடும்! புது பேட்டரி போட்டவர்கள் "இதுவும் அஞ்சே மாசத்துல போயிருச்சு, கம்பெனி சரியில்ல" என்று திட்டுவது இதனால்தான். பல சமயம் பேட்டரி மேல் குற்றமே இருக்காது.

இப்போது எங்க மாமா கார் கதை. அது பழைய சின்ன பெட்ரோல் கார். மாமா தினமும் அதில்தான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட் போய் வருவார். பங்குனியில் பேட்டரி இறங்கிப்போய் புதுசு போட்டார். ஆனியில் அந்தப் புதுசும் இறங்கிவிட்டது. அதுவும் எப்போது? சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக மூன்று நாள் வண்டியை எடுக்காமல் வைத்திருந்து, மூன்றாம் நாள் ராத்திரி அம்மிச்சிக்கு மூச்சுத்திணறல் வந்தபோது. எல்லோரும் அழுதுகொண்டு வண்டியைச் சுற்றி நிற்கிறோம், "டிக்... டிக்..." என்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் காய் ஏற்றுகிற வண்டியை எடுத்து வந்து அம்மிச்சியைப் பழனிக்குக் கொண்டுபோனார். அம்மிச்சி இப்போ நல்லாயிருக்காங்க. ஆனால் மாமாவுக்கு அந்தக் காரைப் பார்த்தாலே கோபம். "வித்துத் தொலைச்சிர்றேன்" என்று நின்றார். பேட்டரி வாங்கின கடையில் சோதித்துப் பார்த்து, "பேட்டரி நல்லாத்தானுங்க இருக்கு, சார்ஜ் போட்டா சரியாப்போயிரும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ரெண்டு வாரம் ஓடியது. மறுபடி ஒரு மூணு நாள் நின்றது. மறுபடி டவுன்.

எங்க மாமாவுக்குத் தெரிந்த எலக்ட்ரீசியன் அண்ணன் ஒருத்தர் வந்தார். அவர் வந்ததும் ஸ்பேனரையே எடுக்கவில்லை. கேள்விதான் கேட்டார். "தினமும் ஓட்டும்போது பிரச்சனை இல்லீங்களா?" "இல்லை." "நிறுத்துனாத்தான் இறங்குதுங்களா?" "ஆமா, ரெண்டு மூணு நாள் நின்னா." "இது ஆரம்பிக்கறதுக்கு முந்தி வண்டியில ஏதாச்சும் புதுசா மாட்டுனீங்களா?" மாமா, "ஒண்ணும் மாட்டலையே" என்றார். உடனே மாமா பையன், "பொங்கலுக்குப் பாட்டுப்பெட்டி மாத்துனோம்ல அப்பா" என்றான். அண்ணன் சிரித்துக்கொண்டார். ஆனாலும் உடனே அதில் கை வைக்கவில்லை. "சந்தேகம் வேற, அளந்து பாக்கறது வேற பாப்பா" என்று என்னிடம் சொன்னார். அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது.

முதல் சோதனை, மோட்டார் தண்ணி ஏத்துதா என்பது. இன்னொரு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து வண்டியை ஸ்டார்ட் பண்ணி, சிறிது நேரம் கழித்து, பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தார். 14.1 வோல்ட். 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. இன்ஜின் ஓடும்போதே 12.5-க்குக் கீழே நின்றால் சார்ஜ் ஏறவில்லை, பெல்ட்டைப் பார், ஆல்டர்னேட்டரைப் பார் என்று அர்த்தம். இங்கே அந்தப் பிரச்சினை இல்லை.

இரண்டாவது சோதனை, தொட்டியில் விரிசலா என்பது. இது ரொம்ப எளிமை, ஆனால் பொறுமை வேண்டும். பேட்டரியைக் கழற்றி முழு சார்ஜ் போட்டு, ஓரிரவு அப்படியே விட்டு, காலையில் அளந்து எழுதி வைத்துக்கொண்டோம்: 12.62. பிறகு இரண்டு நாள் எதிலும் மாட்டாமல் ஒரு பலகை மேல் வைத்தோம். மறுபடி அளந்தால் 12.60. காரை விட்டுத் தனியாக இருந்தால் பேட்டரி இறங்கவே இல்லை! அப்படின்னா திருடன் பேட்டரிக்குள் இல்லை, காருக்குள் இருக்கிறான். (பலகை எதற்கு? "சிமெண்ட் தரையில வெச்சா சார்ஜ் இறங்கிரும்" என்று பெரியவங்க சொல்வார்கள். இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்தப் பயம் தேவையில்லை. அமிலம் சிந்தினால் தரை கெடுமே என்றுதான் பலகை. பேட்டரியின் மேல்பக்கம் அழுக்கும் அமில ஈரமும் சேர்ந்திருந்தால், அது வழியாகக் கூட இரண்டு முனைக்கும் நடுவில் கொஞ்சம் கரண்ட் கசியும். ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்துவிடலாம். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா உள்ளே போகக் கூடாது.)

மூன்றாவதுதான் திருடனைப் பிடிக்கிற சோதனை. இங்கேதான் நம்ம பாடம் வருகிறது. வோல்ட் மீட்டரைப் பக்க இணைப்பில் வைக்கணும், அம்மீட்டரைத் தொடரிணைப்பில் வைக்கணும் என்று பரீட்சைக்கு எழுதுகிறோமே, அது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எவ்வளவு கரண்ட் போகிறது என்று பார்க்க வேண்டுமானால், போகிற கரண்ட் முழுவதும் மீட்டர் வழியாகவே போக வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு போகுது என்று பார்க்க வாய்க்காலுக்குள்ளேதான் அளவுப் பலகை நட வேண்டும், வரப்பு மேலே நட்டால் ஆகுமா? அம்மீட்டருக்கு மின்தடை மிக மிகக் குறைவு. அதைத் தெரியாமல் பேட்டரியின் இரண்டு முனைக்கும் குறுக்கே வைத்தால், மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை என்ற ஓம் விதிப்படி, தடை பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க மின்னோட்டம் எங்கேயோ போய்விடும். மீட்டர் கருகும், கையும் சுடும்.

செய்முறை இதுதான். சாவியை எடுத்துவிட வேண்டும். எல்லா விளக்கையும் அணைத்து, கதவுகளைச் சாத்திவிட வேண்டும். கதவு திறந்திருந்தால் உள்விளக்கு எரிந்து கணக்கைக் கெடுக்கும். பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து வயரைக் கழற்ற வேண்டும். ஏன் மைனஸ்? காரின் இரும்பு உடம்பு முழுவதும் மைனஸோடு சேர்ந்தது. பிளஸ் நட்டைக் கழற்றும்போது ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டால் பெரிய தீப்பொறி. மைனஸை முதலில் கழற்றிவிட்டால் அந்த ஆபத்து இல்லை. மாட்டும்போது மைனஸ் கடைசி. என் கையில் இருந்த வளையலைக் கழற்றி வைக்கச் சொன்னார் அண்ணன். பிளஸுக்கும் பாடிக்கும் நடுவில் உலோக வளையல் மாட்டினால் நொடியில் பழுத்துவிடுமாம்.

நேராக மீட்டரை மாட்டவில்லை. முதலில் ஒரு டெஸ்ட் லைட்டை, அதாவது இரண்டு வயர் வைத்த சின்ன பல்பை, மைனஸ் முனைக்கும் கழற்றின வயருக்கும் நடுவில் வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தால் ஒழுக்கு பெரிசு, மீட்டர் தாங்காமல் போகலாம். இது மங்கலாகச் செவந்து தெரிந்தது. "இருக்குது, ஆனா மீட்டர் தாங்கும்" என்றார். பிறகு மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் சொருகி, சிவப்பு முனையைக் கழற்றின வயரிலும் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸிலும் வைத்தார். இந்த நேரத்தில் யாரும் சாவி போடக் கூடாது. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டர் அதோடு சரி. மலிவான மஞ்சள் மீட்டர்களில் பலவற்றில் 10 ஆம்பியர் துளைக்கு உள்ளே பியூஸே கிடையாது. பத்து விநாடிக்கு மேல் அதில் பெரிய கரண்ட் விடக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருப்பார்கள், படித்துப் பாருங்கள்.

மீட்டரில் 0.43 வந்தது. 0.43 ஆம்பியர்.

இது அதிகமா, குறைவா? நல்ல கார் நிற்கும்போதும் கொஞ்சம் இழுக்கும். கடிகாரம் ஓட வேண்டும், டேப்புக்கு ஞாபகம் இருக்க வேண்டும். அதற்கு 0.02-லிருந்து 0.05 ஆம்பியர் போதும். இது அதைப் போலப் பத்து மடங்கு! நான் நோட்டில் கணக்குப் போட்டேன். மாமா பேட்டரி 35 ஆம்பியர்-மணி. ஒரு நாளைக்கு 0.43 × 24 = 10.3 ஆம்பியர்-மணி போகிறது. மூன்று நாளில் 31. முப்பத்தைந்தில் முப்பத்தொன்று போனால் செல்ஃப் எங்கே எடுக்கும்! தினமும் ஒட்டன்சத்திரம் போய் வந்தபோது அன்றன்றைக்குப் போன சார்ஜ் பெரும்பாலும் திரும்ப ஏறிவிட்டது, அதனால் தெரியவில்லை. மூன்று நாள் நின்றால் தெரிகிறது. மாமா சொன்ன அடையாளமும் மீட்டர் சொன்ன எண்ணும் பொருந்திவிட்டன. "ஏன் அம்மிணி, இதெல்லாம் பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்றாங்களா?" என்றார் மாமா. பெருக்கல்தான் மாமா என்றேன்.

அடுத்து, எந்தக் குழாய்? மீட்டரை அப்படியே வைத்துவிட்டு பியூஸ் பெட்டியில் ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று இறங்குகிறதோ அந்த வழியில்தான் திருடன். (பியூஸ் நிறத்தை வைத்தே அளவு சொல்லலாம். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. பிடுங்கினதை அதே இடத்தில் திருப்பி வைக்க வேண்டும். செல்போனில் முதலிலேயே ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது.) நான் எண்ணைப் படித்துச் சொல்ல, அண்ணன் பிடுங்கினார். ஹெட்லைட் பியூஸ், 0.43. ஹாரன், 0.43. வைப்பர், 0.43. உள்விளக்கும் டேப்பும் சேர்ந்த பியூஸைப் பிடுங்கியபோது 0.40. கடைசி பியூஸ் வரைக்கும் எடுத்தாச்சு. அப்போதும் 0.40!

எல்லாக் குழாயையும் மூடியும் தண்ணீர் போகிறது. எனக்கு ஆச்சரியம். அண்ணனுக்கு இல்லை. "பியூஸ் பொட்டி வழியா போகாத ஆளு எவனோ இருக்கான்" என்றார். அந்தக் காரில் பியூஸ் பெட்டியைத் தொடாமல் நேராகப் பேட்டரிக்குப் போவது செல்ஃப் மோட்டாரின் தடித்த வயரும் ஆல்டர்னேட்டரின் வயரும். ஆல்டர்னேட்டருக்குள் டயோடுகள் இருக்கின்றன. கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற கதவு மாதிரி. டயோடு கெட்டால் கதவு திறந்தே கிடக்கும், வண்டி நின்றபிறகு பேட்டரி கரண்ட் அது வழியாகத் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கும். நிறையப் பேர் இங்கேதான் வழுக்குவார்கள், பியூஸ் எல்லாம் பார்த்தாச்சு, கண்டுபிடிக்க முடியலை என்று விட்டுவிடுவார்கள். மீட்டரை எடுத்துவிட்டு, மைனஸ் வயர் எதிலும் படாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றி டேப் சுற்றி ஒதுக்கி வைத்தார். மறுபடி மீட்டர். 0.40. அதுவும் இல்லை.

பிறகு பேட்டரியின் பிளஸ் முனையை உற்றுப் பார்த்தார். கம்பெனி வயரோடு சேர்த்து, அதே நட்டுக்கு அடியில், இன்னொரு சிவப்பு வயர் முறுக்கி மாட்டியிருந்தது. வயருக்கு நடுவிலேயே ஒரு தனி பியூஸ். அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனோம். டேஷ்போர்டுக்குக் கீழே, மிதியடிக்கு அடியில், போய்ப் போய்ப் பின்சீட்டுக்குக் கீழே முடிந்தது. அங்கே ஒரு அலுமினியப் பெட்டி. பாட்டுச் சத்தத்தைப் பெரிதாக்குகிற ஆம்ப்ளிஃபயர்! "தொட்டுப் பாரு பாப்பா" என்றார். தொட்டேன். காலையிலிருந்து யாரும் பாட்டுப் போடவில்லை, சாவியே போடவில்லை. பெட்டி வெதுவெதுவென்று இருந்தது. திருடனின் உடம்புச் சூடு! மின்சாரம் போகிற இடத்தில் வெப்பம் உண்டாகும் என்ற ஜூல் விதியைக் கையால் தொட்டுப் பார்த்த மாதிரி இருந்தது.

அந்தத் தனி பியூஸைப் பிடுங்கினார். மீட்டர் 0.00. ஆல்டர்னேட்டர் வயரையும் மற்ற பியூஸ்களையும் திரும்ப மாட்டினோம். 0.03. அவ்வளவுதான் அந்தக் காருக்கு உரிய பங்கு.

ஆம்ப்ளிஃபயருக்கு ஏன் அப்படி? அதற்குப் பெரிய வயர் எப்போதும் பேட்டரியில்தான் இருக்கும், அது தப்பில்லை. ஆனால் அதை எழுப்புவதற்கும் தூங்க வைப்பதற்கும் ஒரு மெல்லிய நீல வயர் உண்டு. டேப்பை ஆன் செய்தால் மட்டும் அந்த நீல வயரில் 12 வோல்ட் வர வேண்டும். பொங்கலுக்குப் பாட்டுப்பெட்டி மாற்றியவர்கள், நீல வயரை ஆம்ப்ளிஃபயருக்கு வருகிற அந்தப் பெரிய வயரோடு சேர்த்து முறுக்கிவிட்டிருந்தார்கள். அதுதான் எப்போதும் கரண்ட் இருக்கிற வயர். ஆக, ஆம்ப்ளிஃபயர் பொங்கலிலிருந்து ஆனி மாசம் வரைக்கும் ஒரு ராத்திரி கூடத் தூங்கவில்லை! நீல வயரைப் பிரித்து, டேப்பின் நீல வயரோடு சேர்த்து ஒட்டினார். ஆம்ப்ளிஃபயர் பியூஸை மாட்டிய பிறகும் 0.03-தான். இப்போது பாட்டும் பாடுகிறது. செலவு அண்ணனுடைய கூலி மட்டும். பங்குனியில் எடைக்குப் போன பழைய பேட்டரியை நினைத்துத்தான் மாமாவுக்கு வருத்தம்.

எல்லாக் காரிலும் ஆம்ப்ளிஃபயர்தான் திருடன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டிக்கி மூடியும் அணையாத டிக்கி விளக்காக இருக்கலாம் (செல்போனை வீடியோ ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும்). ஒட்டிக்கொண்ட ரிலேயாக இருக்கலாம். திருட்டைத் தடுக்க மாட்டின அலாரமே திருடனாக இருப்பதும் உண்டு. ஆள் மாறும், பிடிக்கிற வழி ஒன்றுதான்.

புதுக் கார்களில் ஒரு சின்ன வித்தியாசம். அவற்றில் நிறையக் கம்ப்யூட்டர் பெட்டிகள் இருக்கின்றன. வண்டியைப் பூட்டின உடனே அவை தூங்குவதில்லை, சிலவற்றுக்கு அரைமணி நேரம் கூட ஆகும். அதுவரை மீட்டரில் பெரிய எண் காட்டும், பொறுத்திருக்க வேண்டும். ஒரு பியூஸைப் பிடுங்கி மாட்டினால் தூங்கினது மறுபடி விழித்துக்கொள்ளும். அதனால் பிடுங்காமலேயே பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பியூஸின் முதுகில் இரண்டு சின்ன உலோகப் புள்ளி தெரியும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்த இரண்டையும் தொட்டால், கரண்ட் போகாத பியூஸில் பூஜ்ஜியம் காட்டும். கரண்ட் போனால், பியூஸுக்கும் துளி மின்தடை இருப்பதால், துளி மின்னழுத்தம் காட்டும். மறுபடியும் ஓம் விதிதான்! ஏர்பேக் உள்ள வண்டிகளில் நாமாக வயரைப் பிரிக்கக் கூடாது, அது தெரிந்தவர்கள் வேலை.

திருடனே இல்லாமலும் பேட்டரி இறங்கும் என்பதை 2020-ல் நாடே பார்த்தது. மார்ச் 25-ல் ஊரடங்கு ஆரம்பித்ததும் கார்கள் எல்லாம் வாசலிலேயே நின்றுவிட்டன. 0.03 ஆம்பியர் மட்டும் இழுக்கிற நல்ல காராகவே வைத்துக்கொள்வோம். நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. நாற்பது நாளில் 28.8! அதோடு, பேட்டரி சும்மா இருந்தாலே தனக்குள் கொஞ்சம் இறங்கும், வெயில் கூடக் கூட அது வேகமாகும். சித்திரை வெயில் வேறு. மே மாதம் சாவியைத் திருப்பியவர்கள் பலருக்கு "டிக் டிக்"தான். அத்தியாவசியப் பொருள் என்பதால் ஓட அனுமதி இருந்த காய்கறி வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துகிறவர்கள் மைனஸ் வயரைக் கழற்றி வைத்துவிட்டால் போதும். பூட்டின வண்டியை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி உறும விட்டு அணைப்பதால் பெரிய பயன் இல்லை, ஸ்டார்ட் பண்ணப் போன சார்ஜே அதற்குள் சரியாகத் திரும்பாது. அரைமணி நேரமாவது ரோட்டில் ஓட்ட வேண்டும்.

பார்க்க ஆசைப்படுகிற நண்பர்களுக்கு ஓரிரு எச்சரிக்கை. பெரியவர்கள் துணை இல்லாமல் பேட்டரியில் கை வைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடவே கூடாது. அமிலம் சட்டையில் தெறித்தால் அப்போது ஒன்றும் தெரியாது, துவைத்துக் காயப்போடும்போதுதான் ஓட்டை தெரியும். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், டாக்டரிடம் போக வேண்டும். குறைகிற பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான், போர்த் தண்ணி ஆகாது.

இதோ உங்களுக்கு ஒரு கணக்கு. ஒருவர் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு, 5 வாட் உள்விளக்கை அணைக்க மறந்து, காரைப் பூட்டிவிட்டு பஸ்ஸில் பழனிக்குப் போகிறார். பேட்டரி 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி, முழு சார்ஜ். கார் தன் பங்குக்கு 0.03 ஆம்பியர் இழுக்கும். பாதி சார்ஜுக்குக் கீழே போனால் செல்ஃப் எடுக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குள் திரும்பி வர வேண்டும்? விடையை வழிமுறையோடு எழுதி, பெயர், வகுப்பு குறிப்பிட்டு அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்கள். சரியான விடை அடுத்த சுவரிதழில்.